அறிவு மேலாண்மைச் சிந்தனைப் பள்ளிகளும் தொழிலின் இருப்பும்: மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு, ஆத்தூர் வெற்றிலை ஆகியவற்றை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அறிவு மேலாண்மைத் துறையில் கடந்த முப்பது ஆண்டுகளில் பல சிந்தனைப் பள்ளிகள் உருவாகியுள்ளன. அறிவைப் பதிந்து வைப்பதா, மனிதர் வழியாகக் கடத்துவதா என்பதே அவற்றிடையே நிகழும் முதன்மையான விவாதமாக இருந்து வருகிறது. இப்பள்ளிகள் அனைத்தும் தொடர்ந்து இயங்கும் ஒரு நிறுவனத்தை முன்முடிவாகக் கொண்டுள்ளன என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது. தூத்துக்குடிக் கடற்கரையின் முத்துக்குளிப்பும், தாமிரபரணிக் கழிமுகத்தை ஒட்டிய ஆத்தூர் வட்டார வெற்றிலைச் சாகுபடியும் இங்கு சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஓர் அறிவு நிலைப்பதையும் மறைவதையும், அது எழுதப்பட்டதா என்னும் வினாவைவிட, அதனை வேண்டி நிற்கும் தொழில் நடைபெறுகிறதா, அத்தொழிலின் பயன் யாரைச் சேர்கிறது என்னும் வினாக்களே மிகுதியும் விளக்குகின்றன என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: அறிவு மேலாண்மை, உள்ளுறை அறிவு, சிந்தனைப் பள்ளிகள், முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு, புவிசார் குறியீடு, ஆத்தூர் வெற்றிலை

1. முன்னுரை

‘அறிவு மேலாண்மை’ என்னும் சொல்லாட்சி தமிழ் ஆய்வுலகிற்கு நூலகவியல், வணிக மேலாண்மை, கணினி அறிவியல் ஆகிய துறைகளின் வழியாக வந்தது. துறைக்குத் துறை பொருள் சற்று மாறினாலும் அடிப்படைக் கருத்து ஒன்றே. ஓர் அமைப்பில் உள்ளவர்கள் அறிந்தவற்றைக் கண்டறிந்து, சேமித்து, பகிர்ந்து, பயன்படுத்துவதற்கான ஏற்பாடு அறிவு மேலாண்மை எனப்படும். அண்மைக் காலத்தில் இக்கருத்தாக்கம் நிறுவனங்களின் எல்லையைக் கடந்து மரபுத் தொழில்கள், நாட்டார் மருத்துவம், வேளாண்மை, மீன்பிடிப்பு ஆகியவற்றுக்கும் பொருத்தப்படுகிறது. ‘மரபறிவை ஆவணப்படுத்துதல்’ என்னும் தொடர் ஆய்வுத் திட்டங்களில் இடம்பெறுவது இன்று இயல்பாகிவிட்டது.

இப்பொருத்தம் போதிய ஆராய்ச்சியின்றி நிகழ்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. நிறுவனங்களுக்கென உருவான ஒரு கோட்பாட்டுத் தொகுதியைக் கடலிலும் கொடிக்காலிலும் பயன்படுத்தும்போது அதன் எந்தப் பகுதி பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று காண்பது தேவையாகிறது. அதற்கு ஏற்ற களமாகத் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையும் அதனை ஒட்டிய ஆத்தூர்ப் பகுதியும் அமைகின்றன. (இங்குக் குறிக்கப்படும் ஆத்தூர், சேலம் மாவட்டத்து ஆத்தூர் அன்று, தூத்துக்குடி – திருச்செந்தூர் சாலையில், முக்காணிக்கு அருகில் தாமிரபரணிக் கரையில் அமைந்த ஊராகும்.) ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசப்படும் ஒரு தொழில் நின்றுபோனதையும், இன்றும் நடைபெறும் ஒரு தொழில் அரசின் சான்றிதழ் பெற்றதையும் இப்பகுதியில் அருகருகே வைத்துக் காண முடிகிறது.

2. சிந்தனைப் பள்ளிகளும் அவற்றின் பொது அடிப்படையும்

அறிவு மேலாண்மை ஆய்வின் போக்குகளை வகைப்படுத்தும் முயற்சிகளுள் இரண்டு பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. 1999இல் ஹான்சன், நோரியா, டியர்னி ஆகியோர் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூ இதழில் எழுதிய கட்டுரை, நிறுவனங்கள் பின்பற்றும் நெறிகளை இரண்டாகப் பிரித்தது. அறிவை ஆவணமாக்கித் தரவகத்தில் இட்டு, பலரும் மீண்டும் மீண்டும் எடுத்துப் பயன்படுத்தச் செய்வது பதிவு நெறி. அறிந்தவரையும் அறிய விரும்புபவரையும் நேரில் இணைப்பது ஆள்வழி நெறி. ஒரு நிறுவனம் இவ்விரண்டில் ஒன்றை முதன்மையாகக் கொண்டு மற்றதைத் துணையாகக் கொள்ள வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. அவர்கள் காட்டிய முதன்மைச் சான்றுகள் மேலாண்மை ஆலோசனை நிறுவனங்கள் ஆகும்.

2001இல் மைக்கேல் ஏர்ல் இதனை விரிவாக்கி ஏழு பள்ளிகளை வகுத்தார். தரவகத்தை மையமாகக் கொண்டது, அறிந்தோர் யார் என்னும் வரைபடத்தை மையமாகக் கொண்டது, பணிமுறைகளை மையமாகக் கொண்டது ஆகிய மூன்றும் தொழில்நுட்ப வகையைச் சாரும். காப்புரிமை, வணிகக்குறி போன்ற சொத்துகளாக அறிவைக் கருதும் வணிகப் பள்ளி பொருளியல் வகையைச் சாரும். அறிவுக் குழுமங்களை வளர்ப்பது, மனிதர் சந்தித்துப் பேசும் இடங்களை அமைப்பது, அறிவையே நிறுவனத்தின் உத்தியாகக் கொள்வது ஆகிய மூன்றும் நடத்தை வகையைச் சாரும். இவ்வகைப்பாட்டின் பெருமை அதன் தெளிவிலுள்ளது. எந்தப் பள்ளி எதனை அறிவெனக் கொள்கிறது, எந்தக் கருவியால் அதனை ஆளுகிறது என்பதை இது ஒப்பிட்டுக் காட்டுகிறது.

இவற்றுக்கு இணையாக வளர்ந்தது நடைமுறைப் பள்ளி எனப்படும் போக்கு. ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூல், கற்றல் என்பது ஒரு தொழிற்குழுவில் மெல்ல மெல்லப் பங்கேற்பதாகும் என விளக்கியது. யுகாத்தான் மாயா மருத்துவச்சிகள், லைபீரியத் தையற்காரர்கள், கப்பற்படையில் திசை கணிப்போர் முதலியோரை அந்நூல் ஆராய்ந்தது. இச்சான்றுகளுள் பல நவீன வணிக நிறுவனத்துக்கு வெளியே உள்ளவை என்பது நோக்கத்தக்கது. ஆனால் பத்தாண்டுகளுக்குள் இக்கருத்து ‘நடைமுறைக் குழுமங்களை வளர்ப்பது எப்படி’ என்னும் மேலாளர் கையேடாக மாறியது. 2002இல் வெங்கர் இருவருடன் இணைந்து எழுதிய நூல் இம்மாற்றத்தின் அடையாளமாகும். கற்போர் தொழிலுக்குள் நுழைய இடம் கிடைக்கிறதா என்று கேட்ட ஆய்வு, குழுமத்தை எவ்வாறு பயனுடையதாக்கலாம் என்று கேட்கத் தொடங்கியது.

இத்துறையின் மீது கடுமையான மறுப்புகளும் எழுந்துள்ளன. 2002இல் டி. டி. வில்சன், அறிவு மேலாண்மை எனப்படுவதில் பெரும்பகுதி தகவல் மேலாண்மைக்கு இடப்பட்ட புதுப்பெயரே என வாதிட்டார். அறிதல் என்பது மனத்துள் நிகழ்வது. அதனை ஆள இயலாது. ஆளக்கூடியது தகவல் மட்டுமே என்பது அவருடைய நிலைப்பாடு.

ஆதரிப்போரும் மறுப்போரும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். இருசாராரும் அறிவு என்பது யாது என்னும் வினாவில் கருத்தைச் செலுத்துகின்றனர். தொழில் நாளையும் நடைபெறும் என்பதைக் கேள்வியின்றி ஏற்கின்றனர். நிறுவனம் உண்டு, அதற்கு ஊழியர் உண்டு, ஊழியர் செய்யும் பணி உண்டு. ஒருவர் ஓய்வு பெற்றால் அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வருவார். இந்தச் சூழலில் அறிவு இழப்பு என்பது ஆள் இழப்பால் நேர்வது. எனவே பதிவு நெறியும் ஆள்வழி நெறியும் தீர்வுகளாகத் தோன்றுகின்றன. தொழிலே நின்றுபோகுமானால் இவ்விரண்டும் எதைக் காக்கும் என்னும் வினா இப்பள்ளிகளுக்குள் எழுவதில்லை.

3. உள்ளுறை அறிவு: ஒரு கருத்தின் இடமாற்றம்

மரபுத் தொழில்களைப் பற்றிய ஆய்வுகளில் அறிவு மேலாண்மையிலிருந்து மிகுதியும் எடுத்தாளப்படும் கருத்து ‘உள்ளுறை அறிவு’ என்பதாகும். மைக்கேல் பொலானி 1958, 1966ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்களில் இதனை விளக்கினார். கைத்தடியால் வழி தேடுபவர் தடியைக் கவனிப்பதில்லை. தடியின் முனை தொடும் தரையைக் கவனிக்கிறார். உள்ளங்கையில் உணரும் அழுத்தத்தைச் சார்ந்தே அவர் தரையை அறிகிறார். பொலானி கூறும் உள்ளுறை என்பது ஒவ்வோர் அறிதலிலும் இவ்வாறு அடியில் நின்று தாங்கும் பகுதியாகும். எழுத்தில் உள்ள சூத்திரத்தைப் புரிந்துகொள்வதற்கும் அது தேவை. ஆகவே உள்ளுறை அறிவு, வெளிப்படை அறிவு என இரு தனித்தனிக் கிடங்குகள் அவருடைய சிந்தனையில் இல்லை.

இக்குஜிரோ நொனாக்கா, ஹிரோதாக்கா தகேயுச்சி ஆகியோர் 1995இல் வெளியிட்ட நூலில் இது வேறு வடிவம் பெற்றது. உள்ளுறை அறிவு வெளிப்படை அறிவாகவும், வெளிப்படை அறிவு மீண்டும் உள்ளுறையாகவும் மாற்றப்படலாம் என அவர்கள் கூறினர். பழகிப் பகிர்தல், வெளிப்படுத்தல், இணைத்தல், உள்வாங்கல் என நான்கு படிநிலைகளைக் கொண்ட சுழல் அவர்களுடைய கோட்பாடாகும். அவர்கள் காட்டிய புகழ்பெற்ற சான்று, மட்சுஷிதா நிறுவனம் 1980களில் உருவாக்கிய ரொட்டி செய்யும் இயந்திரம். மாவு பிசையும் நுட்பத்தை அறிய அந்நிறுவனத்தின் மென்பொருள் வல்லுநர் ஒருவர் ஒசாகாவின் விடுதி ஒன்றில் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் பயிற்சி பெற்றார். அவர் கற்றது இயந்திரத்தின் வடிவமைப்பாக மாறியது என்பது அந்த விளக்கம்.

ரோட்ரிகோ ரிபெய்ரோவும் ஹாரி காலின்சும் 2007இல் இதே சான்றை மறு ஆய்வு செய்தனர். ரொட்டிக் கலைஞரின் திறன் இயந்திரத்துக்குள் புகுந்துவிடவில்லை என அவர்கள் காட்டினர். சூழலுக்கேற்ப மாறாத, ஒரே வகையில் திரும்பச் செய்யத்தக்க சில அசைவுகளை மட்டுமே இயந்திரம் செய்கிறது. எஞ்சியவற்றை வீட்டில் அதனைப் பயன்படுத்துபவர் நிறைவு செய்கிறார், சில கைவிடப்படுகின்றன. ஆகவே நிகழ்ந்தது அறிவின் மாற்றம் அன்று; வேலையின் மறுபங்கீடு ஆகும்.

இம்மறுப்பு நமக்கு இரு வகையில் பயன்படுகிறது. முதலாவது, ‘உள்ளுறை அறிவை வெளிக்கொணர்தல்’ என்னும் நோக்கத்தோடு தொடங்கும் ஆவணத் திட்டங்கள் எதனை வெளிக்கொணர்கின்றன என்று கேட்க இது தூண்டுகிறது. இரண்டாவது, பதிவு ஒன்று உருவாகும்போது வேலை யாரிடமிருந்து யாருக்கு இடம்பெயர்கிறது என்னும் வினாவை இது முன்வைக்கிறது. இவ்விரண்டையும் முத்துக்குளிப்பின் வரலாற்றில் பொருத்திக் காணலாம்.

4. முத்துக்குளிப்பு: எழுதப்பட்டதும் தொடர்ந்ததும்

கொற்கை முத்தைப் பற்றிய செய்தி சங்க இலக்கியத்திலும், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்திரியக் கடற்பயண நூலிலும் இடம்பெறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பின் அமைப்பை விளக்குகிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் உரியது என அவர் குறிக்கிறார். பிற்காலத்தில் ‘கடல்கட்டி’ எனப்பட்ட இவர்களை ஆங்கிலேய அதிகாரிகள் மூடநம்பிக்கையின் எச்சமாகக் கருதினர். ஆயினும் அவர்கள் இன்றிக் குளிப்போர் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதால் அவர்களைத் தொடரவிட்டனர். அறிவு மேலாண்மைப் பள்ளிகளின் அளவுகோலில் கடல்கட்டியின் செயல் அறிவாகாது. ஆனால் குளிப்போரின் திறன் செயற்பட அது தேவைப்பட்டது. அறிவையும், அறிவைச் செயற்படுத்தும் துணிவையும் தனித்தனியே வைத்துக் கணக்கிட முடியாது என்பதற்கு இது ஒரு சான்று.

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகள் ‘பார்’ எனப்படும். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொல்லாயிரம் பார் இவற்றுள் பெயர்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசு இப்பார்களை முறையாக ஆய்வு செய்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து மதிப்பிட்டு, எந்த ஆண்டு குளிப்பு நடத்தலாம் என முடிவு செய்தது. எட்கர் தர்ஸ்டன் 1890இல் முத்து, சங்குத் தொழில்களைப் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். இலங்கைப் பகுதிப் பார்களைப் பற்றி டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் தயாரித்த அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அதில் துணைநின்ற ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றி, 1914இல் சங்கு பற்றியும் 1922இல் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா முத்துக்குளிப்புப் பற்றியும் விரிவான நூல்களை எழுதினார்.

ஏர்லின் சொற்களில் கூறினால், இது தரவகப் பள்ளியின் மிகச் சிறந்த சாதனை. பார்களின் இருப்பிடம், ஆழம், தரை அமைப்பு, சிப்பியின் வயது, பகைவிலங்குகள் ஆகிய அனைத்தும் எழுத்தில் அமைந்தன. எனினும் இப்பதிவுகளுக்கு மூலமாக இருந்தவை குளிப்போரின் கண்ணும் கையும் ஆகும். ஆய்வுப் படகிலிருந்து கீழிறங்கி, சிப்பிகளை எடுத்து வந்து, தரையின் நிலையைக் கூறியவர்கள் அவர்கள். கரையிலுள்ள கோபுரத்தையும் மரங்களையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக் கடலில் இடம் அறியும் முறையும் கரையோர மக்களுடையதே. அறிக்கையில் அவை அளவுகளாக மாறின. அளந்தவர் பெயர் அதிகாரியின் பெயராயிற்று. ரிபெய்ரோ, காலின்ஸ் கூறிய வேலையின் மறுபங்கீட்டுடன் இதனை ஒப்பிடலாம். பாரைப் பற்றி முடிவெடுக்கும் பணி அரசிடம் சென்றது; மூச்சடக்கி மூழ்கும் பணி குளிப்போரிடமே தங்கியது. இலங்கைக் கரையில் எடுக்கப்பட்ட சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும், ஒரு பங்கு குளிப்போருக்கும் உரியதாக இருந்த வழக்கு இப்பங்கீட்டின் பொருளியல் முகமாகும்.

அறிக்கைகள் முழுமை பெற்ற காலத்தில் தொழில் எவ்வாறு இருந்தது என்பது அடுத்து நோக்கத்தக்கது. ஹெர்ட்மனின் கடைசித் தொகுதி வெளிவந்த 1906ஆம் ஆண்டில், இலங்கைப் பார்கள் ஒரு தனியார் நிறுவனத்துக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின் 1925 வரை அங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. நிறுவனம் குத்தகைக் காலம் முடியும் முன்பே கலைந்தது. தூத்துக்குடிப் பகுதியில் நெடிய இடைவெளிக்குப் பின் 1955 முதல் 1961 வரை குளிப்பு நடைபெற்றது. 1961ஆம் ஆண்டினதே கடைசிக் குளிப்பாக அமைந்தது. சிப்பி பெருகுவதும் மறைவதும் நீரோட்டம், மணல் மூடுதல், பகைவிலங்குகள், மிகைப்பிடிப்பு எனப் பல காரணங்களைச் சார்ந்தவை. எனவே அறிக்கைகளால் தொழில் அழிந்தது எனக் கூறுவது தவறாகும். கூறத்தக்கது இவ்வளவே: அறிவு மிகச் சிறப்பாகப் பதியப்பட்டிருந்த நிலை தொழிலைத் தொடரச் செய்யப் போதுமானதாக இல்லை.

1961க்குப் பின் நிகழ்ந்தவை இரண்டு. அவற்றை எதிரெதிரே வைத்துக் காண்பது இக்கட்டுரையின் வாதத்துக்கு இன்றியமையாதது.

முதலாவது, சங்குகுளிப்பு. மூச்சடக்குதல், நீரின் தெளிவையும் ஓட்டத்தையும் கணித்தல், கடலடித் தரையை அடையாளம் காணுதல் ஆகிய திறன்கள் முத்துக்கும் சங்குக்கும் பொதுவானவை. முத்துக்குளிப்பு நின்றபின் அத்திறன்களை எந்த நிறுவனமும் பாதுகாக்கவில்லை. எந்தத் தரவகமும் சேமிக்கவில்லை. ஆயினும் சங்குக்குச் சந்தை இருந்தமையால் அவை தூத்துக்குடியில் தொடர்ந்தன. பின்னர் மூச்சுக் கருவிகளும் காற்றழுத்தியும் வந்தபோது அவை உருமாறின. ஆழம் கூடியது, நீருக்கடியில் தங்கும் நேரம் கூடியது, உடலுக்கு நேரும் ஆபத்தும் வேறானது. மாறியபடியே அறிவு உயிருடன் இருந்தது. முத்துக்குளிப்புக்கே உரியனவான, சிப்பியைக் குவித்து ஏலமிடுதல், அழுகவிட்டுக் கழுவி முத்தெடுத்தல் போன்ற பணிகளைச் சார்ந்த பட்டறிவு தொடர்வதற்கு இடமின்றிப் போயிற்று.

இரண்டாவது, செயற்கை முத்துவளர்ப்பு. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட ஆய்வில், கே. அழகர்சாமியின் தலைமையில் 1973இல் வளர்ப்பு முத்து வெற்றிகரமாக உருவாக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கும் முறையும் கைகூடியது. கட்டுரைகள், கையேடுகள், பயிற்சிகள் எனப் பதிவு நெறியும் ஆள்வழி நெறியும் ஒருசேரப் பின்பற்றப்பட்டன. சிப்பியின் உடலுக்குள் உட்கருவையும் மென்தோல் துண்டையும் பொருத்தும் நுட்பம் கைப்பழக்கத்தால் மட்டுமே வருவது. அதுவும் பயிற்சியாக அளிக்கப்பட்டது. இவ்வளவு இருந்தும் முத்துவளர்ப்பு இக்கரையின் பெருந்தொழிலாக நிலைபெறவில்லை.

ஆக, யாரும் மேலாண்மை செய்யாத ஓர் அறிவு தொழில் இருந்ததால் நிலைத்தது. எல்லா நெறிகளின்படியும் மேலாண்மை செய்யப்பட்ட ஓர் அறிவு தொழில் அமையாததால் ஆய்வகத்தின் எல்லைக்குள் பெரிதும் தங்கியது. நொனாக்காவின் சுழலோ ஹான்சன் முதலியோரின் இருநெறிப் பாகுபாடோ இவ்வேறுபாட்டை விளக்கும் ஆற்றல் உடையனவாக இல்லை.

5. ஆத்தூர் வெற்றிலை: சான்றிதழும் கொடிக்காலும்

கடலிலிருந்து சில கல் தொலைவு உள்ளே வந்தால், தாமிரபரணியின் கடைப்பகுதிப் பாசனத்தில் வெற்றிலைக் கொடிக்கால்கள் உள்ளன. ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இது ஏர்லின் வணிகப் பள்ளியுடன் ஒப்பிடத்தக்க நிகழ்வு. ஓர் ஊரின் அறிவு சட்டத்தின் பார்வையில் சொத்தாகிறது. ஆனால் இச்சொத்துக்கு உரியது ஒரு நிறுவனம் அன்று. 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் உற்பத்தியாளர் சங்கம் போன்ற கூட்டமைப்பையே பதிவு உரிமையாளராக ஏற்கிறது. தனித்தனி உற்பத்தியாளர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும், பின் புதுப்பிக்கலாம்.

விண்ணப்பத்தில் எதைக் கூற வேண்டும் என்பதையும் சட்டமும் விதிகளும் வரையறுக்கின்றன. பொருளின் தனித்தன்மை, நிலவியல் சூழல், எல்லை வரைபடம், உற்பத்தி முறை, மனிதத் திறனின் பங்கு, தரத்தைக் கண்காணிக்கும் அமைப்பு ஆகியன இடம்பெற வேண்டும். ஒரு வட்டாரத்தின் தொழிலறிவு இவ்வளவு ஒழுங்காக எழுதப்படுவது இதற்கு முன் அரிது. நாட்டுக்கொடி, கற்பூரி, பச்சைக்கொடி என்னும் வகைகளும், தாமிரபரணி நீரால் இலைக்கு வரும் காரமும் ஆத்தூர் வெற்றிலையின் சிறப்புகளாகப் பேசப்படுகின்றன.

கொடிக்காலில் நிகழும் வேலையை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் அகத்தி விதைக்கப்படும். அது வளர்ந்தபின் அதன் அடியில் கொடி நடப்படும். கொடி ஏறஏற அதனை அகத்தியோடு இணைத்துக் கட்ட வேண்டும். இறுக்கினால் தண்டு நசியும், தளர்த்தினால் காற்றில் சரியும். கொடி உச்சியை எட்டியபின் இறக்கி, சுருட்டி, மண்ணில் பதித்து மீண்டும் ஏற்ற வேண்டும். நீர் எப்போதும் ஈரமாக நிற்க வேண்டும். தேங்கினால் வாடல் நோய் வரும். இலையின் முதிர்ச்சியைப் பார்த்துக் கிள்ளி, தரம் பிரித்து, கவுளியாக அடுக்க வேண்டும். இவ்வேலைகளைப் பட்டியலிடுவது எளிது. இப்பத்தியே அதற்குச் சான்று. ஆனால் எந்த இலை இன்று கிள்ளத்தக்கது என்று அறிவது, கொடிக்காலில் அன்றாடம் நிற்பவருக்கே கைவரும். பொலானியின் கைத்தடிச் சான்று இங்கு அப்படியே பொருந்துகிறது.

இங்கு எழும் சிக்கல் உரிமை பற்றியது. வேளாண் பொருளுக்கு உற்பத்தியாளர் என்போர் யாவர் எனச் சட்டம் வரையறுக்கும்போது, விளைவிப்பவரோடு பதப்படுத்துபவரையும் சிப்பமிடுபவரையும் சேர்த்துக்கொள்கிறது. கூலிக்குக் கொடி கட்டுபவரும் இலை கிள்ளுபவரும் இவ்வரையறையில் தனித்துச் சுட்டப்படவில்லை. கொடிக்கால் உழைப்புச் செறிவு மிக்கது. அதன் நுட்பத்தில் பெரும்பகுதி உழைப்பவரின் கையில் உள்ளது. அறிவைச் சொத்தாகக் கருதும் பள்ளி, அச்சொத்தின் உரிமையாளரைத் தேடும்போது நிலத்தையும் சங்கத்தையும் காண்கிறது; கையைக் காண்பதில்லை. முத்துச்சிப்பிப் பார் பற்றிய அறிக்கைகளில் குளிப்போரின் அறிவு அதிகாரியின் பெயரில் நின்றதும், இதுவும் ஒரே வகை இடமாற்றமே. வேறுபாடு ஒன்று உண்டு. இங்குப் பெயர் வட்டாரத்துக்கே கிடைத்துள்ளது. பயனைப் பங்கிடும் முறையைச் சங்கமும் வட்டாரமும் தாமே திருத்திக்கொள்ள வழியுள்ளது.

இரண்டாவது சிக்கல் நீர். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டாகும். தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் நீர் வழங்கவென அமைந்த திட்டமும் இவ்வணைக்கட்டைச் சார்ந்ததே. குறியீடு பெற்ற அதே 2023ஆம் ஆண்டின் டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் இப்பகுதியில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. கீழ்த் தாமிரபரணிப் பகுதி வெள்ளக்காடாயிற்று. நீர் குறைந்தாலும் மிகுந்தாலும் கொடிக்கால் நிலைக்காது. கொடிக்கால் நிலைக்காவிடில் கொடி கட்டும் கை வேறு வேலைக்குச் செல்லும். சான்றிதழின் காலம் முடியும் முன்பே அது குறிக்கும் அறிவின் காலம் முடிந்துவிடக் கூடும். இத்தகைய இழப்பைக் கணக்கில் கொள்ளும் பள்ளி ஏர்லின் ஏழில் எதுவும் இல்லை.

6. எதிர்வாதங்கள்

இவ்வாதத்துக்கு எதிராக மூன்று கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, ஆவணமாக்கல் பயனற்றது என இக்கட்டுரை கூறுவதாகத் தோன்றலாம். அவ்வாறன்று. மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை 1997இல் நீக்கப்பட்டது, எழுத்துச் சான்றுகள் இருந்தமையால்தான். 2001இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகம் சித்தம், ஆயுர்வேதம், யுனானி மருத்துவக் குறிப்புகளை ஐந்து அயல்மொழிகளில் தொகுத்தது. தவறான காப்புரிமைகளைத் தடுப்பது அதன் நோக்கம். ஆனால் இது காவல் பணி. பிறர் கவர்வதை ஆவணம் தடுக்கும். தொழிலை நடத்துவதற்கு ஆவணம் போதாது. இவ்விரு பணிகளையும் ஒன்றாகக் கருதுவதே பிழை.

இரண்டாவது, அறிவு தொழிலோடு பிணைந்தது என்பது நடைமுறைப் பள்ளி முன்பே கூறியது எனலாம். உண்மைதான். ஆனால் அப்பள்ளி குழுமத்தின் உள்ளே நிகழும் கற்றலை விளக்குகிறது. குழுமம் நிற்கும் பொருளியல் தரையை இரண்டாம் நிலையில் வைக்கிறது. சங்குகுளிப்போரின் குழுமம் நிலைத்தது அதன் உள்ளுறவால் மட்டுமன்று. வங்காளத்தில் சங்கு வளையலுக்கு இருந்த தேவையாலும்தான்.

மூன்றாவது, மரபறிவை அதன் இடத்திலேயே காக்க வேண்டும் என அருண் அகர்வால் 1995இலேயே வலியுறுத்தியுள்ளார். மரபறிவு, அறிவியல் அறிவு என்னும் பாகுபாடு நிலைக்காது என்பதும், மரபறிவைப் பிரித்தெடுத்துக் காப்பகத்தில் வைப்பது அதன் இயங்கும் தன்மைக்கு முரணானது என்பதும் அவருடைய வாதங்கள். இக்கட்டுரை அவரைப் பின்பற்றுகிறது. ஓரடி கூடுதலாகச் செல்கிறது. வளர்ப்பு முத்துச் சான்று காட்டுவது போல, தொழில் இன்றித் தேங்குவது மரபறிவு மட்டுமன்று. ஆய்வகத்தில் பிறந்த அறிவும் அவ்வாறே தேங்கும். எனவே இது அறிவு மேலாண்மை முழுவதற்கும் உரிய சிக்கலாகும்.

7. ஆய்வு நெறிக்கான சில குறிப்புகள்

மேற்கூறியவற்றிலிருந்து, மரபுத் தொழில்களை அறிவு மேலாண்மை நோக்கில் ஆராய்வோர் வினாநிரலை அமைக்கும் முன் நான்கு வினாக்களைக் கேட்டுக்கொள்வது நலம்.

முதலாவது, இவ்வறிவை வேண்டி நிற்கும் வேலை இன்று நடைபெறுகிறதா. அதற்குக் கூலியோ விலையோ கிடைக்கிறதா? இரண்டாவது, அவ்வேலைக்கு அடிப்படையான நீர், நிலம், கடல், சந்தை ஆகியவை யாருடைய கட்டுப்பாட்டில் உள்ளன? மூன்றாவது, அறிவு எழுத்தாகும்போது எந்த முடிவு யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது? நான்காவது, புதிதாகக் கற்க விரும்புபவருக்குத் தொழிலில் நுழைய இடம் உண்டா?

இவ்வினாக்களுக்கு விடை காணாமல், ‘உள்ளுறை அறிவு எத்தனை விழுக்காடு பகிரப்படுகிறது’ என்று அளப்பது, நின்றுபோன தொழிலையும் நடைபெறும் தொழிலையும் ஒரே அட்டவணையில் இட்டுவிடும். துறைசார் எல்லைகளும் இங்குச் சற்று நெகிழ வேண்டும். நூலகவியலாரும் மேலாண்மையியலாரும் தனித்து இதனைச் செய்ய இயலாது; மீன்வள வரலாறு, பாசன வரலாறு, உழைப்பு பற்றிய ஆய்வுகள் ஆகியன அவர்களுக்குத் துணையாக வேண்டும்.

8. முடிவுரை

அறிவு மேலாண்மைச் சிந்தனைப் பள்ளிகள் அறிவின் இயல்பைப் பற்றியும் அதனைக் கடத்தும் வழிகளைப் பற்றியும் பயனுள்ள வேறுபாடுகளைத் தந்துள்ளன. ஆயினும் அவை தொடரும் நிறுவனத்தை முன்முடிவாகக் கொண்டவை. மன்னார் வளைகுடாவில் மிகச் சிறப்பாகப் பதியப்பட்ட முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. பதியப்படாத குளிக்கும் திறன் சங்கின் துணையால் தொடர்ந்தது. முறையாகப் பயிற்றுவிக்கப்பட்ட முத்துவளர்ப்பு தொழிலாக வேர்கொள்ளவில்லை. ஆத்தூர் வெற்றிலை சான்றிதழ் பெற்று, இம்மூன்றில் எந்த வழியில் செல்லும் என்பது இனித் தெரியவுள்ள நிலையில் நிற்கிறது.

அதன் போக்கைத் தீர்மானிக்கப்போவன கடைமடைக்கு வரும் நீரும், கொடி கட்டுபவருக்குக் கிடைக்கும் கூலியும், இளையோர் அத்தொழிலில் காணும் எதிர்காலமும் ஆகும். புவிசார் குறியீட்டின் பதிவு பத்தாண்டுகளில் புதுப்பிக்கப்பட வேண்டியது. அப்போது ஆவணத்தை மட்டும் புதுப்பிப்பதா, கொடிக்காலின் நிலையையும் கணக்கெடுப்பதா என்பது வட்டாரத்தின் முன்னும் ஆய்வாளரின் முன்னும் உள்ள பணியாகும். அறிவு மேலாண்மை ஆய்வு இரண்டாவது பணியில் பங்கேற்குமானால், தமிழ்ச் சூழலில் அதற்கு உண்மையான பயன் உண்டாகும்.